பயண நியூஸ்லெட்டருக்குக் காசு கட்டலாமா? முதலில் அது செட்டிநாட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

கேள்வி இது: காரைக்குடியில் நாலு பேர் கொண்ட குடும்பம். வருஷத்துக்கு இரண்டு வெளியூர்ப் பயணம் போகிறார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சிங்கப்பூரோ மலேசியாவோ உண்டு. மின்னஞ்சலில் இலவசமாக வந்துகொண்டிருந்த ஒரு பயண நியூஸ்லெட்டர் (மடல்) இப்போது மாதம் 250 ரூபாய், வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 2,400 ரூபாய் கேட்கிறது. கட்டலாமா?

வருஷச் சந்தா இப்போதைக்கு வேண்டாம். முதலில் சோதித்துப் பாருங்கள். தேறினால், பயணம் திட்டமிடும் சமயத்தில் ஒரே ஒரு மாதம் கட்டிப் பழைய இதழ்களைப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள். தேறாவிட்டால் இலவசமாக வருவதும் வேண்டாம். எப்படிச் சோதிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காரைக்குடிக்காரருக்கு அதில் மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதியும் இருக்கிறது.

நீங்கள் பார்த்திராத ஊரைப் பற்றிய கட்டுரையை வைத்து, எழுதியவர் அங்கே போனாரா, நாலு இணையப் பக்கங்களைப் படித்துக் கோத்தாரா என்று கண்டுபிடிக்கவே முடியாது. வியட்நாம் பற்றி எழுதினால் எல்லாமே உண்மை போலத்தான் தெரியும். ஆனால் இந்தியப் பயணம் பற்றி எழுதுகிற மடல் எதுவும் என்றாவது ஒருநாள் செட்டிநாட்டுக்கு வந்தே தீரும். அந்த இதழைத் தேடி எடுங்கள். இலவசமாகத் திறக்காவிட்டால் ஆசிரியருக்கு எழுதி, மாதிரிக்கு அந்த ஒன்றை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். சந்தா கேட்கிறவர் பெரும்பாலும் அனுப்பிவிடுவார். உங்கள் ஊரை அவர் எவ்வளவு கவனமாக எழுதினாரோ, அவ்வளவு கவனத்தைத்தான் நீங்கள் போகப்போகிற ஊருக்கும் கொடுத்திருப்பார்.

படிக்கும்போது பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு ஆகிய நான்குக்கும் மதிப்பெண் போடாதீர்கள். செட்டிநாட்டு வீடு பற்றிய எல்லாக் கட்டுரைகளிலும் இவை இருக்கும். இவற்றை எழுத ரயில் ஏற வேண்டியதில்லை.

பார்க்க வேண்டியது வேறு. கானாடுகாத்தான் அரண்மனையைப் பற்றி என்ன சொல்கிறார்? அது இன்றும் தனியார் குடும்பத்தின் வீடு; வருகிறவர்கள் பொதுவாக வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். ‘உள்ளே ஒரு மணி நேரம் சுற்றிப் பாருங்கள்’ என்று எழுதியிருந்தால் அவர் வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற பெரிய வீடுகளில் பல, பங்காளிகள் பலருக்குச் சொந்தமானவை. பூட்டித்தான் கிடக்கும், கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) என்றால் திறப்பார்கள். சாவி காவல்காரரிடமோ பக்கத்துத் தெருவிலோ இருக்கும். எந்த வீடு கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறது, எது காவல்காரர் இருந்தால் மட்டும் திறக்கும், எது வாசலோடு சரி என்று மூன்றையும் பிரித்துச் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் என்பதை, நடந்து பார்த்தவர் சொல்லாமல் விடமாட்டார். ஏனென்றால் வழி தவறுவது அங்கேதான்: கூகுள் வரைபடம் பல நேரம் பின்வாசலில் கொண்டுபோய் நிறுத்தும்.

அடுத்தது தரைக்கல்லுக்குப் பேர்போன ஆத்தங்குடி. ‘சூளையில் சுட்டெடுத்த தரை ஓடுகள்’ என்று ஒரு வரி இருந்தால் அவர் பட்டறையை எட்டிப் பார்க்கவில்லை என்று பொருள். ஆத்தங்குடிக் கல்லுக்கு நெருப்பே கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் உலோகச் சட்டத்தையும் அச்சையும் வைத்து வண்ணச் சிமென்ட் கலவையை ஊற்றுவார்கள். அதன் மேல் உலர்ந்த மணலும் சிமென்டும் கலந்து தூவி, அதற்கும் மேல் ஈரக்கலவையை நிரப்பி மட்டம் பண்ணுவார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுத்துக் காயவைப்பார்கள். காய்ந்தபின் கண்ணாடி தானாக விட்டுவரும். கல்லின் வழவழப்பு அந்தக் கண்ணாடியால் வருவது. பட்டறையில் கால் மணி நேரம் நின்றவருக்குக்கூட இது தெரியும். வீட்டுக்குக் கல் வாங்க நினைக்கிற வாசகருக்கு நல்ல மடல் இன்னும் மூன்று செய்தி சொல்லும். கையால் செய்வதால் ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் நிறம் கொஞ்சம் மாறும். பதித்த புதிதில் துடைக்கத் துடைக்கத்தான் பளபளப்பு ஏறும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் மேல்பரப்பு அரித்துப்போகும்.

பயணத் திட்டம் என்று நேரம் போட்டுக் கொடுத்திருந்தால் அதுதான் எளிதான சோதனை. பிள்ளையார்பட்டியை மதியம் 2 மணிக்கு வைத்திருக்கிறாரா? மதியம் நடை சாத்தியிருக்கும், மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். குன்றக்குடிக்கும், நகரத்தாரின் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின்) கோயில்களுக்கும் இந்த மதிய இடைவெளி உண்டு. திருமயத்தில் இது இன்னும் முக்கியம். கோட்டை தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் பகல் முழுக்கத் திறந்திருக்கும். மலையடியில் இருக்கும் குடைவரைச் சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் மதியம் அடைத்துவிடும். காலையில் கோயில்களை முடித்துக்கொண்டு கோட்டைக்கு ஏற வேண்டும், அல்லது வெயில் தாழ்ந்தபின் கோட்டையில் தொடங்கி மாலை நடை திறப்புக்கு இறங்கி வர வேண்டும். இந்த வரிசையைச் சரியாகப் போட்டவர் போய்ப் பார்த்தவர்.

போக்குவரத்துப் பகுதியையும் விடாதீர்கள். செட்டிநாடு என்பது ஒரு தனி ஊர் இல்லை, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஊர்களின் தொகுதி. கானாடுகாத்தான் பக்கம் ‘செட்டிநாடு’ என்ற பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் இருப்பதால் வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள். எல்லா ரயிலும் அங்கே நிற்பதில்லை, காரைக்குடி ஜங்ஷன்தான் நம்பகமானது. விமான நிலையம் என்றால் மதுரையும் திருச்சியும் ஏறக்குறைய சம தூரம், சுமார் 90 கிலோமீட்டர். பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் டவுன் பஸ்ஸிலேயே போய்வரலாம். ஆத்தங்குடியையும் கானாடுகாத்தானையும் ஒரே நாளில் பார்க்க வண்டி வைத்துக்கொள்வதுதான் நல்லது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ‘உள்ளூர்ப் பேருந்து வசதி உண்டு’ என்று முடித்திருந்தால், எழுதியவர் பஸ்ஸுக்குக் காத்து நின்றவர் இல்லை.

வெளிநாட்டுக்காரர்களும் படிக்கும் மடலாக இருந்தால், முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளைப் பற்றிய பத்தியைப் பாருங்கள். இந்தியத் தொல்பொருள் சட்டம் 1972-இன்படி 100 வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. கையெழுத்துச் சுவடிகளுக்கு இந்த வரம்பு 75 வருஷம். பழைய மரச் சிற்பத்தையோ கதவையோ வாங்கச் சொல்கிற மடல் இதையும் சொல்லியாக வேண்டும். வாங்கிய பொருள் தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்று பெறலாம் என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், வாங்கியவர் விமான நிலையத்துச் சுங்கத்தில் மாட்டுவார்.

சாப்பாடு பற்றிய பகுதியில் ‘காரசாரமான செட்டிநாட்டு உணவு’ என்பதைத் தாண்டி என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி, மண்டி என்று பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. எது எந்த நேரத்தில் கிடைக்கும் என்பதும் வேண்டும். பணியாரம் பெரும்பாலும் காலைக்கும் மாலைக்கும் உரியது. பழைய வீடுகளை மாற்றி நடத்தும் விடுதிகளில் இலைச் சாப்பாடு வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சும்மா போய் உட்கார்ந்தால் பல இடங்களில் கிடைக்காது. பொங்கலை ஒட்டி வருகிறவர்களுக்குச் சிராவயல் மஞ்சுவிரட்டு நாளில் அந்தப் பக்கச் சாலை எப்படி இருக்கும் என்று ஒரு வரி இருந்தால் அவருக்கு உள்ளூர்த் தொடர்பு இருக்கிறது என்று பொருள்.

இத்தனையும் ஒரே இதழில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பிழையான தகவல் ஒன்றுகூட இல்லாமல், மேலே சொன்னவற்றில் மூன்று நான்கு இருந்தாலே அது உழைத்து எழுதப்பட்டது. பிழை இருந்தால் உடனே ஒதுக்காமல், பிழையைச் சுட்டி ஆசிரியருக்கு நாலு வரி எழுதுங்கள். பத்து நாளில் நன்றி சொல்லித் திருத்தம் வெளியிட்டால், பிழையே இல்லாமல் எழுதுகிறவரைவிட அவரை நான் அதிகம் நம்புவேன். பயணத் தகவல் மாறிக்கொண்டே இருப்பது. திருத்துகிற பழக்கம் இல்லாதவரின் பழைய இதழ்கள் ஒரே வருஷத்தில் பயனற்றுப்போகும்.

நீங்கள் காசு கொடுப்பதே பெரும்பாலும் அந்தப் பழைய இதழ்களுக்காகத்தான். அதனால் அவை புதுப்பிக்கப்படுகின்றனவா என்பதைத் தனியாகப் பாருங்கள். ரயில் முன்பதிவு நல்ல அளவுகோல். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பொங்கலுக்குக் காரைக்குடி வர ‘நான்கு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள்’ என்று ஒரு பக்கம் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தால் அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2025 ஜூலை முதல் இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்பது இருக்கிறதா? தாய்லாந்து பற்றிய பக்கத்தில், 2025 மே 1 முதல் நிரப்ப வேண்டிய டிஜிட்டல் வருகை அட்டை இருக்கிறதா? மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இதுபோலவே வருகை அட்டை உண்டு. போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் மூன்றுமே இலவசம். இதற்குப் பணம் வாங்கும் போலித் தளங்கள் இருக்கின்றன. அப்படி ஒரு தளத்துக்கு இணைப்புக் கொடுத்திருக்கும் மடலை அன்றே நிறுத்துங்கள். விசா விதியை மட்டும் எந்த மடலிலும் நம்ப வேண்டாம். அந்தந்த நாட்டின் குடிநுழைவுத் தளத்தில் டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒருமுறை, கிளம்புவதற்கு முன் ஒருமுறை நேரடியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி கணக்கு. 2,400 ரூபாயை 12 மாதத்தால் வகுத்து ‘மாதம் 200 தானே’ என்று பார்க்கக் கூடாது. பயணத்தால் வகுக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு பயணம் என்றால் ஒரு பயணத்துக்கு 1,200 ரூபாய். அந்த 1,200 எந்த முடிவை மாற்றியது என்று கேளுங்கள். ஒரு நாள் வீணாகாமல் காப்பாற்றியிருந்தால், அறைக்கு 3,500, வண்டிக்கு 3,000 என்று வைத்தாலும் 6,500 ரூபாய் மிச்சம். சந்தா கட்டியது நியாயம். போக வேண்டாம் என்று ஒரு இடத்தை விலக்க உதவியிருந்தாலும் நியாயம்தான். எந்த முடிவும் மாறவில்லை, படிக்க நன்றாக இருந்தது என்றால் அது வேறு கணக்கு. அதற்குப் பிறகு வருகிறேன்.

காசு கட்டுவதற்கு முன் உங்கள் மின்னஞ்சலில் அந்த மடலின் பெயரைத் தேடி, கடைசியாக வந்த எட்டு மடல்களைப் பாருங்கள். பாதிக்கு மேல் திறக்காமல் கிடந்தால், காசு கட்டியபின் திறப்பீர்கள் என்று நினைக்க வேண்டாம். கட்டணச் சந்தாவில் பெரும்பாலும் மடல்களின் எண்ணிக்கைதான் கூடும்.

மலிவு விமான டிக்கெட் செய்தி அனுப்பும் மடல்களைத் தனியாக எடைபோட வேண்டும், ஏனென்றால் காரைக்குடிக்காரருக்கு நஷ்டம் வருவது பெரும்பாலும் இவற்றில்தான். முதல் கேள்வி: எந்த விமான நிலையத்திலிருந்து? இத்துறையில் பெயர் பெற்ற ‘கோயிங்’ அமெரிக்க விமான நிலையங்களுக்கானது, ‘ஜாக்ஸ் ஃப்ளைட் கிளப்’ முக்கியமாகப் பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்குமானது. தரத்தில் குறையில்லை, ஆனால் நமக்குப் பயன்படாது. இந்தியாவை எடுத்துக்கொள்ளும் மடல்களும் பெரும்பாலும் டெல்லி, மும்பை, பெங்களூரு, அதற்கப்புறம் சென்னை என்று நின்றுவிடும். நமக்கு வேண்டியது திருச்சி. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே நேரடி விமானம் இருக்கும்போது சென்னைச் சலுகையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் டிக்கெட் திருச்சியைவிட ஆளுக்கு 3,000 ரூபாய் குறைவு என்று செய்தி வருகிறது. நாலு பேருக்கு 12,000 ரூபாய் மிச்சம் போலத் தெரியும். காரைக்குடியிலிருந்து சென்னை சுமார் 410 கிலோமீட்டர். வாடகை வண்டி கொண்டுவிட்டு வெறுமனே திரும்பும், மறுபடி அழைக்க வரும். கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்றால் இரண்டு முறைக்கும் சேர்த்து 22,960 ரூபாய். திருச்சிக்கு அதே கணக்கில் 5,040 ரூபாய். வித்தியாசம் 17,920. மிச்சம் என்று நினைத்த 12,000 போய், மேலே 5,920 ரூபாய் கைக்காசு. ரயிலில் போனால் செலவு குறையும், நேரம் கூடும். பல்லவன் விடியற்காலையில் காரைக்குடியில் கிளம்பி மதியம் எழும்பூர் சேரும், மாலையில் அங்கிருந்து கிளம்பி இரவு இங்கே வரும். விமானம் நள்ளிரவில் என்றால் மதியத்திலிருந்து தங்க இடம் வேண்டும். திரும்பும் விமானம் மாலையில் இறங்கினால் பல்லவன் போய்விட்டிருக்கும். ராத்திரி ரயிலில் இடம் கிடைக்காவிட்டால் சென்னையில் ஒரு இரவு. பெட்டி விஷயமும் உண்டு. மலிவு விமானங்களின் அடிப்படைக் கட்டணத்தில் பெரும்பாலும் கைப்பை மட்டும்தான். முறுக்கும் ஊறுகாயும் மசாலாப்பொடியும் கொண்டுபோகிற நம் வீடுகளில் பதிவுப் பெட்டி இல்லாமல் யாரும் கிளம்புவதில்லை. அதன் கட்டணத்தைச் சேர்த்தபின் மீதி என்ன என்று பாருங்கள்.

திருச்சியிலிருந்து விலை குறைந்தால் சொல்லச் சொல்லி கூகுள் ஃப்ளைட்ஸில் இலவசமாகவே வைத்துவிடலாம்: புறப்படும் இடத்தில் திருச்சி, தேதி, விலைக் கண்காணிப்பை இயக்குவது, மூன்றே படி. தேதி உறுதியில்லாவிட்டால் ‘எந்தத் தேதியும்’ என்பதை வைத்துக்கொள்ளலாம். மதுரைக்கும் அதேபோல ஒன்று வையுங்கள். இரண்டே நாட்டுக்குப் போகிற குடும்பத்துக்கு இது போதும், மலிவு டிக்கெட் மடலுக்குக் காசு கட்டத் தேவையில்லை. எங்கே என்று முடிவில்லாமல், விலை குறைந்த இடத்துக்குச் சட்டென்று கிளம்பக்கூடியவர்களுக்குத்தான் அது உதவும். பள்ளி விடுமுறையை நம்பியிருக்கும் குடும்பம் அப்படிக் கிளம்ப முடியாது.

டாலரில் விலை போட்டிருந்தால் தெரிகிற விலை வேறு, கட்டுகிற விலை வேறு. 60 டாலர் என்று வையுங்கள். டாலர் 90 ரூபாய் என்றால் 5,400. இந்திய ஜிஎஸ்டியில் பதிவு செய்த வெளிநாட்டு நிறுவனம் 18 சதவீதம் சேர்க்கும்: 972. ஆக 6,372. அதன்மேல் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம் என்றால் 223, அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி 40. மொத்தம் 6,635 ரூபாய். பல அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வரும். வங்கிச் செயலியில் திறந்து, கட்டி முடித்ததும் மறுபடி மூடிவிடுங்கள்.

எழுதுகிறவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள், ஏனென்றால் உங்கள் சந்தாவின் பொருளே அதில் இருக்கிறது. ஒரு ஊரை நேர்மையாக எழுத ரயில், அறை, சாப்பாடு, வண்டி, மூன்று நாள் உழைப்பு வேண்டும். அதை வாசகர் கொடுக்காவிட்டால் விடுதிக்காரர் கொடுப்பார். விடுதிக்காரர் கொடுத்தால் விடுதியின் குறை எதுவும் எழுத்தில் வராது. சந்தாவும் வாங்கிக்கொண்டு இலவசத் தங்கலும் வாங்குகிற மடல்கள் இருக்கின்றன. இலவசமாகத் தங்கினாலோ பணம் பெற்றாலோ அதை வாசகருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றத்தின் 2021 நெறிமுறை சொல்கிறது. இதழில் அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். விடுதிப் பெயரைத் தொட்டால் முன்பதிவுத் தளத்துக்கு நீளமான வால் போட்ட முகவரியில் போகிறதா என்று பாருங்கள். அது தரகு இணைப்பாக இருக்கலாம். தரகு வாங்குவது குற்றம் இல்லை, சொல்லாமல் வாங்குவதுதான் பிழை. ஆறு இதழ்களை வரிசையாக எடுத்து, ‘இங்கே தங்க வேண்டாம்’, ‘இதற்கு இந்த விலை அதிகம்’ என்று ஒரு இடத்திலாவது எழுதியிருக்கிறாரா என்று தேடுங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் நீங்கள் விளம்பரத்துக்குச் சந்தா கட்டப்போகிறீர்கள்.

தகவலுக்காக இல்லாமல் எழுத்துக்காகவே படிக்கும் பயண மடல்களும் உண்டு. அவற்றுக்கு மேலே போட்ட கணக்கெல்லாம் பொருந்தாது. ஒரு ஊரின் நெசவை, கோயிலை, சாப்பாட்டை ஒருவர் ஆழ்ந்து எழுதி, நீங்கள் கடைசி வரி வரை படிக்கிறீர்கள் என்றால் தாராளமாகக் கட்டுங்கள். நல்ல எழுத்துக்கு வாசகர் நேரடியாகக் கொடுக்கும் காசு அது. சப்ஸ்டாக் போன்ற மடல் வெளியீட்டுத் தளங்கள் 10 சதவீதம் எடுத்துக்கொள்ளும், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. மீதி எழுதியவருக்கே போகும். நாலு வீட்டார் சேர்ந்து படிக்க நினைத்தால், ஒருவர் கட்டி மற்றவர்களுக்கு அனுப்புவதைவிட, குழுச் சந்தாவுக்குத் தள்ளுபடி உண்டா என்று கேட்டு வாங்குவது முறை.

கோயில் பயணத்துக்காக மட்டும் நினைக்கிறீர்கள் என்றால் கட்ட வேண்டாம். காசி, ராமேஸ்வரம், பழனி எங்கே போனாலும் நகரத்தார் விடுதிகளும் சத்திரங்களும் இருக்கின்றன. இடம் உண்டா, யாருக்குத் தருவார்கள், சாப்பாடு எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அங்கே போன் செய்தால்தான் தெரியும். எந்த மடலும் அதைச் சரியாகச் சொல்லாது. பழனிப் பாதயாத்திரைக்கு வேண்டிய விவரம் போய்வந்தவர்களிடம் இருக்கிறது.

விடுதி, வாடகை வண்டி, வழிகாட்டி வேலை, ஆத்தங்குடிக் கல் பட்டறை என்று வருகிறவர்களை நம்பித் தொழில் செய்கிறவர்கள் மட்டும் வேறு மாதிரி யோசிக்கலாம். உங்கள் விருந்தினர்கள் படிக்கும் மடல் ஒன்றை நவம்பர் முதல் பிப்ரவரி வரை நாலு மாதம் கட்டிப் படிப்பது தொழிற்செலவுதான். ‘அரண்மனைக்குள் போகலாம்’ என்று எழுதியிருந்தால், வருகிறவர் உங்களிடம்தான் கோபப்படுவார். முன்பே தெரிந்திருந்தால் வண்டி ஏறும்போதே சொல்லிவிடலாம், ஆசிரியருக்கும் திருத்தம் அனுப்பலாம்.

கட்டுவதாக முடிவு செய்தால் நிறுத்துகிற வழியையும் அப்போதே பார்த்துவிடுங்கள். தானாகப் பணம் எடுக்கும் அனுமதியைக் கொடுக்கும்போது ஒருமுறைதான் ஓடிபி கேட்பார்கள். அடுத்தடுத்த தவணைகள் 15,000 ரூபாய் வரை ஓடிபி இல்லாமலே போகும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் வங்கியிலிருந்து குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வரும். அதைத்தான் பலர் விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடுகிறார்கள். யுபிஐ வழியாகக் கட்டினால் செயலியில் ‘ஆட்டோபே’ பகுதியில் அந்த அனுமதி இருக்கும், அங்கேயே ரத்து செய்யலாம். அதோடு மடலின் தளத்திலும் சந்தாவை நிறுத்துங்கள். ஒன்றை மட்டும் செய்தால் இன்னொரு பக்கம் நிலுவை காட்டும். பிளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் அங்கே போய்த்தான் நிறுத்த வேண்டும், செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. வெளிநாட்டு மடல்களில் இந்திய அட்டையின் அடுத்த தவணை நிராகரிக்கப்படுவதும் உண்டு, அதில் பணம் போகாது. சந்தா முடிந்ததும் தளத்தில் பழைய இதழ்கள் பூட்டிக்கொள்ளும். மின்னஞ்சலில் வந்தவை மட்டும் உங்களிடம் இருக்கும்.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது இது. செட்டிநாட்டு இதழை இந்த வாரம் சோதியுங்கள். தேறினால் இப்போது எதுவும் கட்டாமல், இலவச மடலையே வாங்கிக்கொண்டிருங்கள். மே விடுமுறைக்கு மலேசியா என்றால் பிப்ரவரியில் 250 ரூபாய் கட்டுங்கள். அதற்கு முன் மூன்று விஷயத்தை எழுதிக் கேட்டு உறுதி செய்யுங்கள்: மாதச் சந்தாவில் எல்லாப் பழைய இதழ்களும் திறக்குமா, மலேசியா பற்றி எத்தனை இதழ்கள் இருக்கின்றன, கடைசியாக எப்போது திருத்தினார்கள். கட்டிய அன்றே ரத்தும் செய்துவிடுங்கள். பெரும்பாலான தளங்களில் அந்த மாதம் முடியும் வரை படிக்க முடியும். முதல் வாரத்திலேயே வேண்டிய பக்கங்களைப் பிடிஎஃப் ஆக்கி வைத்து, தங்குமிடத்தையும் போக்குவரத்தையும் நேரடியாகத் தொலைபேசியில் உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு வருஷம் இப்படிச் செய்தபின்னும் வருஷத்தில் பத்து மாதம் கட்ட வேண்டியிருக்கிறது என்று தெரிந்தால், அப்போது 2,400 ரூபாய்ச் சந்தாவை எடுக்கலாம்.